விண்டோஸில் பிங், லினக்ஸில் பிங்

லினக்ஸில் பழகிய கை விண்டோஸ் கணினியில் தடுமாறும். கட்டளைகளின் பெயர் ஒன்றாக இருப்பதுதான் தொல்லை; பெயர் வேறாக இருந்தால் கவனமாகவாவது இருப்போம். எனக்கு அலுவலகத்தில் லினக்ஸ். செவ்ரானில் தெரிந்தவர்கள் வீடுகளில் பெரும்பாலும் விண்டோஸ். ஊருக்குப் பேசும்போது அழைப்பு அறுந்துபோகிறது என்று கூப்பிடுவார்கள். கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று அறிய இரண்டு மூன்று கட்டளைகள் போதும்.

'பிங்' 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதியது. சோனார் கருவியின் ஒலியிலிருந்து வந்த பெயர். லினக்ஸில் நாம் நிறுத்தும்வரை ஓடும். விண்டோஸில் நான்கு பொதிகளோடு நின்றுவிடும். விட்டுவிட்டு அறுபடும் இணைப்பைப் பிடிக்க நான்கு போதாது. '-டி' சேர்த்தால் தொடர்ந்து ஓடும். அதே '-டி'க்கு லினக்ஸில் பொதியின் ஆயுள் என்று பொருள், பக்கத்தில் ஓர் எண் கேட்கும். எத்தனை பொதி என்று சொல்ல லினக்ஸில் '-சி', விண்டோஸில் '-என்'.

முதலில் வீட்டுப் பெட்டியைப் பிங் செய்யுங்கள். அதன் முகவரியை விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக்' காட்டும். இங்கே விற்கும் கணினிகளில் பிரெஞ்சு விண்டோஸ் என்பதால் 'பாஸ்ரெல் பார் தெஃபோ' என்ற வரியைத் தேட வேண்டும். லினக்ஸில் 'ஐபி ரூட்'. பெட்டிக்கே பொதிகள் தொலைந்தால் வைஃபையைத்தான் பார்க்க வேண்டும். இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

பிறகு வெளியே. பாரிஸிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 8,500 கி.மீ. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். போய்வரக் குறைந்தது 85 மில்லிநொடி. கடலடி வடம் வளைந்து போவதால் உண்மையில் இன்னும் கூடும். ஓர் இலங்கைச் செய்தித்தளம் 10 மில்லிநொடியில் பதில் சொன்னால், பேசுவது கொழும்பு அல்ல, பக்கத்திலுள்ள நகல் வழங்கி. அதை வைத்து ஊர் இணைப்பு நலம் என்று முடிவு கட்டக்கூடாது. 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாந்திரியா அருகே, மார்செய்யிலிருந்து கொழும்பு, சென்னை வழியாகச் செல்லும் சீ-மீ-வி 4 வடம் அறுந்தது. அப்படிப்பட்ட நாளில் பக்கத்து நகல் வழக்கம்போலப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

வழியைக் காண லினக்ஸில் 'டிரேஸ்ரூட்', விண்டோஸில் 'டிரேசர்ட்'. முன்னது வழக்கமாக யூடிபி பொதி அனுப்பும், பின்னது ஐசிஎம்பி. அதனால் ஒரே பாதைக்கு இரண்டும் வெவ்வேறு இடங்களில் நட்சத்திரக் குறி போடலாம். ஒப்பிட வேண்டுமானால் லினக்ஸில் பெரிய எழுத்து '-ஐ' கொடுங்கள். நடுவில் நட்சத்திரம் வந்தும் கடைசிக் கணினி பதில் தந்தால் பாதை அறுபடவில்லை; இடையிலுள்ள ரூட்டர் பதில் சொல்ல மறுக்கிறது, அவ்வளவுதான்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2016இல் வந்தது. பழகிய கட்டளைகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் இரண்டாம் பதிப்பு தனி மெய்நிகர்க் கணினி; வழக்கமான அமைப்பில் அங்கே தெரியும் முகவரி வீட்டுப் பெட்டி கொடுத்ததல்ல. பெட்டியைத் தேடும்போது விண்டோஸின் கறுப்புத் திரைக்கே திரும்புங்கள்.