வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்: நூறு வருஷத்துப் பழைய விளம்பரம்

1/ தருமபுரி பக்கம் ஓபி பார்க்கிற டாக்டர் நான். கொஞ்ச நாள் முன்னாடி "தூக்கமே வரலை சார்"னு ஒரு அம்மா வந்தாங்க. பிரஷர் ஏறியிருந்தது. சுகர், தைராய்டு நார்மல். "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையாம்மா?"ன்னு கேட்டதும் அழுதுட்டாங்க. போன்ல வந்த "வீட்டிலிருந்தே வேலை" விளம்பரம். கம்மல் அடகுக் கடையில. பெங்களூர்ல கட்டட வேலை செய்யற வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியாது.

2/ "நான் படிக்காதவ, அதான் சார் ஏமாந்துட்டேன்"னாங்க. இல்லவே இல்லை. இந்த ஏமாற்றுக்கு நூறு வருஷத்துக்கு மேல சரித்திரம் இருக்கு. படிச்சவங்க, பணக்காரங்க எல்லாரும் விழுந்திருக்காங்க. அதைத்தான் இந்த த்ரெட்ல சொல்லப் போறேன். வீட்டுப் பெண்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

3/ 1872-லேயே தபால் வழியாக ஏமாற்றுவதைக் குற்றமாக்கி அமெரிக்கா சட்டம் போட்டது. போன் இல்லாத காலத்திலேயே தபால்பெட்டி வழியாத் திருடன் வீட்டுக்குள்ள வந்துட்டான்.

4/ அடுத்து 1930-களின் பெருமந்தம். வேலை கிடையாது. "வீட்டில் உட்கார்ந்தபடி கவரில் கடிதம் போட்டு ஒட்டினால் சம்பளம்"னு பத்திரிகை விளம்பரம். பதிவுக் கட்டணம் கட்டினா ஒரு கடிதம் வரும். "இதே விளம்பரத்தை நீங்களும் கொடுங்கள், பணம் அனுப்புகிறவர்களுக்கு இதே கடிதத்தை அனுப்புங்கள்." அவ்வளவுதான் வேலை! அடுத்த ஆளை ஏமாத்தறதுதான் அந்த வேலையே.

5/ 1920-ல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பான்ஸி. வெளிநாட்டுத் தபால் கூப்பன் வியாபாரம், 45 நாளில் 50 சதவீத லாபம்னு சொன்னார். முதல்ல போட்டவங்களுக்கு ஒழுங்கா கொடுத்தார். ஆனா அது லாபம் இல்லை, பின்னாடி வந்தவங்க போட்ட பணம். புது ஆள் வரத்து நின்ன அன்னிக்கு எல்லாம் முடிஞ்சது.

6/ இப்ப நம்ம ஊர். 1990-களில் அநியாய வட்டி காட்டின பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையா மூடின. அதனாலதான் 1997-ல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் (டான்பிட்) வந்தது. அதுக்கும் முன்னாடி, 1978-லேயே ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை மத்திய அரசு தடை செஞ்சிருந்தது. சட்டம் இருந்துச்சு. ஏமாற்று பேரை மாத்திக்கிட்டு வந்துச்சு.

7/ ஈமு கோழி ஞாபகம் இருக்கா? பெருந்துறை சுசி ஈமு பார்ம்ஸ். ஒன்றரை லட்சம் கட்டினா 6 குஞ்சு, கொட்டகை, தீவனம், மாசம் 6,000 ரூபாய். ரெண்டு வருஷம் கழிச்சு கட்டின பணமும் திரும்ப. சினிமாக்காரங்க விளம்பரம் வேற. வீட்டுக்குப் பின்னாடி கொட்டகை போட்டாப் போதும், வருமானம் வீடு தேடி வரும்னு ஜனம் நம்புச்சு.

8/ கணக்கு போடுங்க. மாசம் 6,000, 24 மாசத்துக்கு 1,44,000. கட்டின பணம் கிட்டத்தட்ட முழுசா வந்துடும். அதுக்கு மேல டெபாசிட்டும் திரும்ப. சரி, ஈமு கறியை எந்த ஊர்ச் சந்தையில யார் வாங்கினாங்க? இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கலை.

9/ 1990-களில் அமெரிக்காவிலும் இதே கதை நடந்துச்சு. ஒரு ஜோடி ஈமு ஆயிரக்கணக்கான டாலருக்கு வித்துச்சு. வாங்கினது யாரு? கறி சாப்பிடறவங்க இல்லை, அடுத்து பண்ணை வைக்க வந்தவங்க. அவங்க வரத்து நின்னதும் விலை படுத்துடுச்சு.

10/ 2012 ஆகஸ்டில் சுசி சரிஞ்சது. பறவைகள் பட்டினி கிடந்து, அரசே தீவனம் போட வேண்டியதாச்சு. உரிமையாளருக்குக் கோவை டான்பிட் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை கொடுத்தது. ஆனா தண்டனையும் இழப்பீடும் ஒண்ணு இல்லை.

11/ இன்னிக்கு அதே கதை போன்ல. வீடியோவுக்கு லைக் போடு, ஓட்டலுக்கு ஸ்டார் கொடு. முதல்ல 150, 200 ரூபாய் நிஜமாவே வரும். அதுதான் தூண்டில் புழு. அப்புறம் "முன்பணம் கட்டினா பெரிய டாஸ்க்". திரையில லட்சம் காட்டும். எடுக்கப் போனா "வரி கட்டு"ம்பான். இன்னொண்ணு: "உங்க பேங்க் அக்கவுண்டை மட்டும் கொடுங்க, கமிஷன் தர்றோம்"னா கொடுக்கவே கொடுக்காதீங்க. திருட்டுப் பணம் அதுல வந்து போகும், போலீஸ் உங்க வீட்டுக்கு வரும்.

12/ அப்ப வீட்டு வேலையே பொய்யா? இல்லை. நம்ம மாவட்டத்துல புளி தட்டி கொட்டை எடுக்கறாங்க. வேலூர், திருநெல்வேலி பக்கம் பீடி சுத்தறாங்க. சரக்கை வியாபாரி கொடுப்பார், கூலியையும் அவரே கொடுப்பார். கூலி ரொம்பக் கம்மி, அது வேற சண்டை. ஆனா ஒரு விஷயம் பாருங்க: உண்மையான வேலையில பணம் உங்க பக்கம் வரும். உங்க கிட்ட இருந்து போகாது.

13/ அமெரிக்காவில் 2012 முதல் ஒரு விதி: இப்படித் தொழில் வாய்ப்பு விக்கறவங்க, பணம் வாங்க 7 நாள் முன்னாடியே விவரத்தாள் கொடுத்தாகணும். நாமளே அந்த விதியை வீட்ல வெச்சுக்கலாம். யார் என்ன சொன்னாலும் 7 நாள் பணம் அனுப்பறதில்லை. அதுக்குள்ள வீட்ல ஒருத்தர் கிட்டயாவது சொல்லிடணும். "இன்னிக்கே கடைசி நாள்"னு அவசரப்படுத்தினா, அந்த அவசரமே நோயோட அறிகுறி.

14/ பணம் போயிடுச்சா? நெஞ்சு வலி மாதிரிதான், முதல் மணி நேரம் முக்கியம். உடனே 1930-க்கு அடிங்க. பணம் கை மாறறதுக்குள்ள சொன்னா அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பிருக்கு. டெபாசிட் மோசடின்னா பொருளாதாரக் குற்றப்பிரிவு. மனசு உடைஞ்சு போச்சுன்னா 14416, இலவசம், தமிழ்ல பேசலாம்.

15/ அந்த அம்மா 1930-க்குச் சொல்றதுக்குள்ள மூணு வாரம் ஆயிடுச்சு. வெட்கம். பணம் இன்னும் வரலை. ஆனா வீட்டுக்காரர் கிட்ட சொல்லிட்டாங்க. அடுத்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்தே வந்தாங்க, பிரஷர் இறங்கியிருந்தது. மாத்திரை பாதி வேலை செஞ்சிருக்கும். மீதி, மனசுல வெச்சிருந்ததை வெளிய சொன்னது. உங்க வீட்ல யாராவது திடீர்னு தூங்காம இருந்தா, திட்டாம கேளுங்க.