கேமரன் மலையின் காடும் ஆறும்

ஓய்வு நாடுவோர் கடற்கரைக்குச் செல்வர். அன்றேல் மலைக்குச் செல்வர். நெய்தல் என்றும் குறிஞ்சி என்றும் நிலத்தை வகுத்தறிந்த தமிழர்க்கு இவ்விரண்டின் வேறுபாடு புதிதன்று. எனினும், இரண்டையும் பிணைப்பது ஆறு. ஆகவே மலைத்தலம் ஒன்றின் எழிலைக் காணச் செல்வோர் அருவியைக் கண்டு மகிழ்வதோடு அமையாமல், அந்நீர் எங்கே பிறக்கிறது, எங்கே செல்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். பகாங் மாநிலத்துக் கேமரன் மலை இதற்குத் தக்க சான்றாகும்.

1885இல் ஆங்கில அரசின் நில அளவையாளரான வில்லியம் கேமரன், பேராக், பகாங் எல்லைப்புற மலைகளினூடே சென்று இம்மேட்டு நிலத்தைப் பற்றி அறிவித்தார். அவர் பெயரே மலைக்கும் பெயராயிற்று. அதனால் இம்மலை அதற்கு முன் மனிதர் அறியாத இடம் எனக் கொள்ளலாகாது. செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் இக்காடுகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர், இன்றும் வாழ்கின்றனர்.

கேமரனுக்குப் பின் நாற்பது ஆண்டுக்காலம் இங்கு நகரம் எதுவும் எழவில்லை. சமவெளியின் வெப்பம் தாங்காத ஆங்கிலேயர் பினாங்குக் கொடிமலையையும் பிரேசர் மலையையும் நாடினர். 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்து, இதனையும் மலைத்தலம் ஆக்கலாம் என எடுத்துரைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் தாப்பாவிலிருந்து மலைப்பாதை அமைந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் தானா ராத்தா வளர்ந்தது. மலாய் மொழியில் அப்பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். செங்குத்தான சரிவுகளில் காட்டை அகற்றித் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்த கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. இன்று பயணிகள் படம் எடுத்து மகிழும் பசுங்கம்பளம் அவ்வுழைப்பின் பயனேயாகும்.

தேயிலைக்கு மேலே இருப்பது மலையின் மூத்த செல்வம். 6,666 அடி உயரமுள்ள பிரிஞ்சாங் சிகரத்தை ஒட்டிப் பாசிக்காடு படர்ந்துள்ளது. அங்கு மரங்கள் குட்டையானவை, கிளைகள் முறுக்கேறியவை. தண்டும் வேரும் பாசியால் மூடப்பட்டிருக்கும். இடையிடையே காட்டு ஆர்க்கிட் மலர்களும், பூச்சிகளை வீழ்த்தி உண்ணும் குடுவைச் செடிகளும் காணப்படும். தவழும் மேகத்தின் ஈரத்தைப் பாசி பற்றிக்கொண்டு துளித்துளியாக மண்ணுக்கு விடுகிறது. மழையில்லா நாளிலும் ஓடைகள் வற்றாதிருப்பதற்கு இது ஒரு காரணம். கரிய சிறகில் பச்சை வரிசை ஒளிரும் இராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியும் இம்மலைக்குப் புகழ் தந்தது. சரவாக் மன்னர் ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக 1855இல் வாலஸ் என்னும் அறிஞர் இப்பெயரிட்டார். இதனைப் பிடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துப் பயணிகளுக்கு விற்கும் வழக்கமும் இங்கு வேரூன்றியது. அழகு என்று போற்றிய பொருளையே விலைப்பொருளாக்கியமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி நீரின் கதையைப் பார்ப்போம். இம்மலையின் பெர்த்தாம், தெலோம் ஆறுகள் இயற்கையில் கிழக்கு நோக்கிச் சென்று, ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றை அடைந்து, பெக்கான் அருகே தென்சீனக் கடலில் கலப்பவை. 1963இல் நிறைவெய்திய நீர்மின் திட்டம் இப்போக்கை மாற்றியது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கர் அணை எழுந்தது. அங்குத் தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மேற்கே பத்தாங் பாடாங் பக்கம் திருப்பப்பட்டது. மின்சாரம் கிடைத்தது, பயணிகள் காண ஓர் ஏரியும் கிடைத்தது.

ஆனால் ஏரிக்கு வந்தது நீர் மட்டுமன்று. காய்கறித் தோட்டங்களுக்கும் கட்டடங்களுக்குமாகச் சரிவுகள் மேன்மேலும் வெட்டப்பட்டன. வேர்ப்பிடிப்பு இழந்த மண் மழையில் கரைந்து ஆற்றில் இறங்கி, ஏரியில் வண்டலாகப் படிந்தது. ஏரியின் கொள்ளளவு பெரிதும் குறைந்தது. 2013 அக்டோபரில் பெய்த கனமழையின்போது அணை நிரம்பி நீர் திறந்துவிடப்பட, கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டது. மலையுச்சியில் காட்டுக்கு நேரும் கேடு பள்ளத்தாக்கில் வாழும் மனிதனை வந்து தாக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தேயிலையும் காய்கறியும் மலைமக்களுக்குச் சோறிடுவன; அவற்றைக் குறைகூறுதல் முறையன்று. ஆயினும் அவற்றை வாழவைக்கும் குளிர்ச்சிக்கும் நீருக்கும் காவலாக நிற்பது எஞ்சியுள்ள காடே. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்குப் பயிலும் சிறுவர்க்கு இப்பாடத்தைக் கற்பிக்க ஏடு தேட வேண்டா. மழை பெய்த மறுநாள் பெர்த்தாம் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றால் போதும். நீர் தெளிந்தோடினால் மேலே காடு நிற்கிறது. செந்நிறமாய் ஓடினால் மலை கரைகிறது.