விண்குப்பையும் தென்கடலும்

2015ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், முற்பகல் 11.48 மணியளவில், இலங்கையின் தென்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், விண்ணிலிருந்து ஒரு பொருள் எரிந்து வீழ்ந்தது. அது விண்கல் அன்று. மனிதன் ஏவிய கலமொன்றின் எச்சம். 1998இல் அமெரிக்கா சந்திரனுக்கு அனுப்பிய கலத்தின் பகுதியாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் வந்த அதற்கு, மாத்தளைக்கும் அக்கடலுக்கும் இடைப்பட்ட தொலைவு அரை நிமிடப் பயணமே.

ஆயினும் அது சொல்லாமல் வந்த விருந்தாளி அன்று. அக்டோபர் 3இல் அமெரிக்கத் தொலைநோக்கி ஒன்று அதனைக் கண்டது. அதன்பின் வீழும் இடத்தையும் வேளையையும் கணிதம் முன்னறிவித்தது. விமானமேறிக் காத்திருந்த ஆய்வாளர், குறித்த நேரத்தில் அது எரியக் கண்டனர்.

விண்குப்பையை அகற்ற முனைவோர்க்கும் இக்கணிதமே முதற்படி. கட்டுப்பாடின்றிச் சுழலும் பழங்கலத்தை வலைவீசிப் பிடித்தல் மீன்பிடிப்பதுபோல் அன்று. தவறினால் குப்பை பெருகும். ஆதலின் பல்கலைக்கழக மாணவர் அவ்வேட்டையை முதலில் கணினியிலேயே நிகழ்த்திப் பார்க்கின்றனர். இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகம் தலைமை தாங்கிய குழு, 2018 செப்டம்பரில் விண்வெளியிலேயே வலைவீசி வெற்றி கண்டது. பிடிபட்டதோ, அக்குழுவே கொண்டுசென்ற போலி இலக்கு!

இலங்கை இளைஞர் ஜப்பானில் உருவாக்கிய ‘இராவணா-1’, 2019இல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்டது. எடை ஒரு கிலோகிராமளவே. அவ்வுயரத்து மெல்லிய காற்றே அதனைச் சில ஆண்டுகளில் கீழிறக்கி எரித்தது. வலை தேவைப்படுவது, காற்று எட்டாத மேற்பாதைகளில் நூற்றாண்டுகள் சுற்றவிருக்கும் பெருங்கலங்களுக்கே.