அந்த ராத்திரி யார் நல்லா வாசிச்சாங்க? கச்சேரிப் பதிவுகளும் ரசிகர் தீர்ப்புகளும்

கிடார் ரசிகர்கள் நடுவே ஓயாத ஒரு சண்டை உண்டு. ஒருத்தர் எத்தனை இசைத்தட்டு போட்டார் என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. எந்த ஊரில், எந்தத் தேதியில், எந்த மேடையில் வாசித்தது உசத்தி என்பதுதான் பேச்சு. பி.பி.கிங் என்றால் 1964 நவம்பர் 21, சிகாகோ ரீகல் தியேட்டர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்றால் வுட்ஸ்டாக்கா, 1970 புத்தாண்டு அன்று நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்டில் வாசித்ததா? டுவேன் ஆல்மன் என்றால் அதே ஃபில்மோர் ஈஸ்ட், 1971 மார்ச். இவையெல்லாம் ஏதோ ஜாதகக் குறிப்பு மாதிரி அவர்கள் வாயில் வரும்.

நம்ம ஊர் சபா ரசிகருக்கு இது புதுசில்லை. 'அந்த வருஷம் அகாடமியில பாடின தோடி மாதிரி இது வராதுங்க' என்று சொல்லும் பெரியவரும், ஃபில்மோர் ஈஸ்ட் தேதியைச் சொல்லும் அமெரிக்கரும் ஒரே ஜாதி. ஸ்டூடியோவில் பதிந்தது அளந்து வைத்த சாப்பாடு. கச்சேரியில் பிடித்ததுதான் பந்தி. மனோதர்மத்தை உயிராக வைத்திருக்கிற எந்த சங்கீதத்துக்கும் இந்தக் குணம் வந்துவிடும். ப்ளூஸும் அப்படித்தான், நம்ம ராக ஆலாபனையும் அப்படித்தான்.

ஆனால் இந்தத் தீர்ப்புகள் எதை வைத்துச் சொல்லப்படுகின்றன? கேட்டவர்களின் நினைவை வைத்தா, நாடாவில் பதிந்திருப்பதை வைத்தா? ரெண்டும் ஒன்று இல்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வெளிநாட்டு வழக்கு. 1968 மார்ச் 10, சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்ட் அரங்கில் க்ரீம் குழு வாசித்த 'கிராஸ்ரோட்ஸ்'. எரிக் கிளாப்டனின் உச்சம் என்று ரசிகர்கள் கொண்டாடுவது இந்த நாலு நிமிஷத்தைத்தான். பாட்டின் நீளத்தைப் பார்த்து, இதை ஒட்டி வெட்டியிருக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் பல வருஷம் வாதாடியது. வேடிக்கை என்னவென்றால், கிளாப்டனுக்கே அது பிடிக்காது. நடுவில் எங்கேயோ ஆவர்த்தனத்தின் முதல் அடியைத் தொலைத்துவிட்டோம், அந்தக் காலத்தில் எங்களுக்கு அடிக்கடி நடக்கும் என்கிற மாதிரி பேட்டியில் சொல்லியிருக்கிறார். நம்ம பாஷையில் சொன்னால் சமம் தவறிப்போச்சு. தொடையில் தாளம் போட்டுக் கேட்கிற நம்ம முன்வரிசைக்காரர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் எழுந்து காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். அங்கே கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள், இன்றைக்கும் தட்டுகிறார்கள். வாசித்தவருக்குப் பிடிக்காததை ரசிகர் கொண்டாடினால் யார் சொல்வது செல்லும்? எனக்கு இதில் ரசிகர் பக்கம்தான். முதலடி தொலைந்த இடத்திலும் மூணு பேரும் நிற்காமல் ஓடுகிறார்களே, அந்த ஓட்டம்தான் அந்தப் பதிவின் ருசி.

இப்போது நம்ம ஆட்களுக்கு வருவோம். 1975 ஜூலை 5, நியூயார்க் மாநிலம், சவுத்தாம்ப்டன் கல்லூரி. மேடையில் ஐந்து பேர், எல்லாரும் தரையில் சம்மணமிட்டு. கிடாரில் ஜான் மெக்லாஃப்லின், யார்க்ஷயர்காரர். வயலினில் எல்.சங்கர். தபலாவில் ஜாகிர் உசேன். கடத்தில் விக்கு விநாயக்ராம். மிருதங்கத்தில் ராமநாதபுரம் ராகவன், பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி. குழுவின் பெயர் 'சக்தி'. அன்றைக்குப் பதிவானதுதான் 1976இல் அதே பெயரில் வந்த முதல் இசைத்தட்டு. முதல் தட்டே கச்சேரிப் பதிவாக வந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஸ்டூடியோவில் நம்மைச் சரியாகப் பிடிக்க முடியாது என்று தெரிந்துதான் செய்தார்களோ என்று தோன்றும்.

மெக்லாஃப்லின் அதற்கு முன் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் இரட்டைக் கழுத்து மின்கிடாரை வைத்துக்கொண்டு காது கிழிய வாசித்தவர். அந்த ரசிகர்கள் அதே இரைச்சலை எதிர்பார்த்தார்கள். இவரோ மரக்கிடாரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றவர். வீணையில் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொண்டுவருகிறோம் இல்லையா, அது சாதாரணக் கிடாரில் அரைகுறையாகத்தான் வரும், விரல் பலகையில் முட்டிக்கொள்ளும். அதனால் மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குழிவாகச் செதுக்கிய கிடாரைச் செய்வித்துக்கொண்டார். முக்கியத் தந்திகளுக்குக் குறுக்காக ஏழு அனுநாதத் தந்திகளும் வைத்தார். ப்ளூஸ் கிடார்காரர் தந்தியை வளைப்பதும், வைணிகர் இழுப்பதும் கையளவில் ஒரே வேலை. வளைத்துப் போய்ச் சேரும் இடம்தான் வேறு.

அந்தத் தட்டில் மூணே உருப்படி. முதலாவது 'ஜாய்', 18 நிமிஷத்துக்கு மேல். கடைசி உருப்படி 29 நிமிஷம். நடுவில் 'லோட்டஸ் ஃபீட்', ஐந்து நிமிஷம்கூட இல்லை. ராக் ரசிகர்களைக் கேட்டால் 'ஜாய்' என்பார்கள், அதில் கிடாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்துகிற வேகத்தைச் சொல்வார்கள். நம்ம பக்கம் ரசிகர்கள் அதே வேகத்தைத்தான் குறையாகச் சொன்னார்கள்: ராகம் எங்கே, எல்லாம் கணக்குதானே என்று. நான் பல தடவை கேட்டதில் 'ஜாய்' உருப்படியில் எனக்குப் பிடிக்கிற ஆள் கிடார்காரர் இல்லை, விநாயக்ராம்தான். அத்தனை வேகத்திலும் கடத்தின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. கிடாருக்காகக் கேட்பதென்றால் 'லோட்டஸ் ஃபீட்' போதும்.

இந்தக் கதையின் மறுபாதி மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969 பிப்ரவரி 28, ஆந்திரத்தின் பாலகொல்லு. அப்பா சத்யநாராயணா கிளாரினெட் வாசிப்பவர். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பையின் சீடர். குரு பாடிக்காட்டுவார், பையன் மாண்டலினில் கொண்டுவருவான். 1978இல் குடிவாடா தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. 1981இல் சென்னை மேடை. பன்னிரண்டு வயசுப் பையன், கையில் மின்சார வாத்தியம்.

சபா ரசிகர்களின் அன்றைய சந்தேகம் நியாயமானதுதான். மாண்டலினில் நாலு ஜோடித் தந்திகள். ஒவ்வொரு ஜோடியையும் ஒரே மாதிரி இழுத்தால்தான் கமகம் சுத்தமாக வரும், இல்லாவிட்டால் ரெண்டு தந்தியும் ரெண்டு பக்கம் பேசும். ஸ்ரீநிவாஸ் ஜோடியை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்குப் போனார். மரத்தின் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும், ஒலிபெருக்கியோடு சேர்ந்த மின்சார மாண்டலினில் நாதம் நீளும். இந்த ரெண்டு மாற்றமும் சேர்ந்துதான் அது கச்சேரி வாத்தியமானது. 'கரண்டுல வாசிக்கிறான்' என்று சொன்னவர்களுக்குப் பதில் வாதத்தில் வரவில்லை, வருஷா வருஷம் கச்சேரியில் வந்தது. 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவிலும் அந்தப் பையன் வாசித்தான். 1990களின் கடைசியில் மெக்லாஃப்லின் 'ரிமெம்பர் சக்தி' என்று குழுவைத் திரும்பக் கட்டியபோது சங்கரின் வயலின் இருந்த இடத்துக்கு வந்தது ஸ்ரீநிவாஸின் மாண்டலின். 2000இல் வந்த 'தி பிலீவர்', மறுவருஷம் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' ரெண்டும் மேடைப் பதிவுகளே. 2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதில், அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவருடைய கச்சேரிப் பதிவுகளைத் தேடிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். சிறுவனாக வாசித்ததா, நடுவயதில் வாசித்ததா, எது உசத்தி என்று ரெண்டு கட்சி. முதல் கட்சிக்கு வேகமும் பயமின்மையும். ரெண்டாம் கட்சிக்கு விளம்ப காலமும் நிதானமும். நான் ரெண்டாம் கட்சி. பி.பி.கிங் ஒரே ஒரு ஸ்வரத்தை வளைத்து அசைத்து நிறுத்துவார், அந்த ஒற்றை ஸ்வரத்தில் ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். பிற்கால ஸ்ரீநிவாஸிடம் எனக்கு அந்தக் குணம் தெரிகிறது.

இங்கேதான் நாடாவைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. 'சின்ன வயசுல என்ன வேகம்!' என்கிறோம். அந்த நாடா சரியான வேகத்தில்தான் ஓடுகிறதா? சபாவில் மடியில் வைத்துப் பதிந்த டேப் ரெகார்டரில் பேட்டரி தளர்ந்திருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதை வீட்டில் சரியான வேகத்தில் போட்டால் சங்கீதம் ஓட்டமாக வரும், சுருதியும் ஏறும். 6 சதவீதம் கூடினால் போதும், அரைக்கட்டை ஏறிவிடும், பத்து நிமிஷ ஆலாபனை ஒன்பதரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ப்ளூஸ்காரர்களுக்கும் இதே தலைவலி. 1936, 1937இல் ராபர்ட் ஜான்சன் பதிந்துவிட்டுப் போன 29 பாட்டுகளும் வேகமாக ஓடுகின்றன என்று ஒரு கட்சி, அதெல்லாம் சும்மா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னொரு கட்சி.

நம்ம நாடாக்களைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. மேடை ஒலிபெருக்கியின் அடியில் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல் எப்போதும் இருக்கும், அது கரண்டின் குரல். நம்ம நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். பதிவைக் கணினியில் போட்டுப் பார்த்து அந்த இரைச்சல் 53இல் நின்றால், நாடா 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். திருத்திவிட்டுக் கேளுங்கள், சில பேருடைய 'அசுர வேகம்' மனுச வேகமாகிவிடும்.

உட்கார்ந்த இடமும் பேசும். ரெகார்டர்காரர் மிருதங்கத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தால், நாற்பது வருஷம் கழித்துக் கேட்கிறவர் 'மிருதங்கம் அமுக்கிட்டார்' என்று தீர்ப்பு எழுதுவார். பாவம், அந்த வித்வான் செய்த தப்பு அந்த நாற்காலி. கேசட்டும் பேசும். 90 நிமிஷ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். ராகம் உச்சத்துக்குப் போகிற நேரத்தில்தான் சொல்லிவைத்த மாதிரி பக்கம் முடியும். திருப்பிப் போடுவதற்குள் போனது போனதுதான். கிரேட்ஃபுல் டெட் குழு 1984இல் கச்சேரியில் பதிவுசெய்கிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. நம்ம சபாக்களில் துண்டுக்கு அடியில் மறைத்துப் பிடித்தார்கள்.

இதெல்லாம் பதிவு இருக்கிறவர்களின் பிரச்சினை. ஜேடர்பாளையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறபோது எனக்கு உறுத்துவது வேறு. படுகை அணையைத் தாண்டிக் காவிரி போகிற வழியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் கீழே கொடுமுடி. கே.பி.சுந்தராம்பாளின் ஊர். அவரும் கிட்டப்பாவும் நாடக மேடையில் பாடியதைக் கேட்க மக்கள் வண்டி கட்டிக்கொண்டு போன காலம் அது. கிட்டப்பா 1933இல், 27 வயதில் செத்துப்போனார். பக்கத்துக்கு மூணு, நாலு நிமிஷம் ஓடுகிற இசைத்தட்டுகளில் அவர் குரல் இருக்கிறது. மேடையில் ரசிகர் 'இன்னொரு தடவை' என்று கத்தக் கத்தப் பாடினாரே, அதற்கு நாடா கிடையாது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் மணிக்கணக்கில் ஊர்வலத்தில் ஓடியது, தட்டில் வந்தது நிமிஷக்கணக்கில்.

அவர்களாவது பெயர் வாங்கியவர்கள். கபிலர்மலைத் தேருக்கும் சுத்துப்பட்டுக் கோயில் நோம்பிகளுக்கும் வாசித்த நாயனக்காரர்களுக்கும் தவில்காரர்களுக்கும் தட்டும் இல்லை. வீதி முக்கில் சாமி நின்றதும் ஆலாபனையை எடுப்பார்கள், கூட்டத்திலிருந்து யாராவது ஒரு சினிமாப் பாட்டைக் கேட்பார்கள், அதையும் அதே ராகத்துக்குள் இழுத்துக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதைக் கேட்டவர்களுக்குள் 'யார் உசத்தி' சண்டை, ஃபில்மோர் ஈஸ்ட் ரசிகர்கள் சண்டைக்குக் கொஞ்சமும் குறையாமல் வெற்றிலைக் கொடிக்கால் வரப்பில் நடந்திருக்கிறது. அப்பீலுக்குப் போக நாடா இல்லாததால் அந்தத் தீர்ப்புகள் சொன்னவர்களோடு போய்விட்டன.

முழுசும் போகவில்லை என்று நம்புகிறேன். 1980களில் இந்தப் பக்கம் மைக்செட்டு போட்டவர்களிடமும், வளைகுடாவிலிருந்து டேப் ரெகார்டர் கொண்டுவந்த வீடுகளிலும் திருவிழாவைப் பதிந்த கேசட்டுகள் இருக்கும். பரமத்தி வேலூர், பாண்டமங்கலம், கபிலர்மலைப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது அப்படி ஒன்று கிடந்தால், எடுத்த உடனே பழைய பிளேயரில் போட்டுவிடாதீர்கள், அது நாடாவைத் தின்றுவிடும். பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முதல் ஓட்டத்திலேயே கணினிக்கு மாற்றிவிடுங்கள். அட்டையில் ஊர், வருஷம், வாசித்தவர் பெயர் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். அடியில் கேட்கிற கரண்டு இரைச்சலைச் சுத்தம் செய்கிறேன் என்று மட்டும் அழித்துவிட வேண்டாம்.