அதிகாலை மூன்று மணி

பத்திரிகையில் இரவுப் பணி செய்தவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. தூக்கக் கலக்கத்தில் எழுதி வைத்த குறிப்பைக் காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு சொல்லேனும் விளங்காது. என் கையெழுத்தே எனக்குப் புரியாது விழித்த நாட்கள் பல. அத்தகைய துண்டுச் சீட்டொன்றின் கதையே இது. அதை எழுதியவர் பின்னர் நோபல் பரிசு பெற்றார் என்பதுதான் வேறுபாடு.

ஒட்டோ லோவி 1873 இல் ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். கலை வரலாறு கற்கவே விரும்பினார். குடும்பத்தாரின் விருப்பத்துக்கு இணங்கி மருத்துவம் கற்றார். 1909 இல் ஒஸ்ரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார்.

இதயத்தின் வேகத்தை இருவகை நரம்புகள் ஆள்கின்றன. பரிவு நரம்பு முடுக்கும். மூளையிலிருந்து இறங்கிவரும் வேகசு நரம்பு அடக்கும். வேகசு நரம்பைத் தூண்டினால் துடிப்புத் தணியும் என்பதை வெபர் சகோதரர்கள் 1845 இலேயே காட்டியிருந்தனர். ஆனால், நரம்பின் கட்டளை இதயத் தசையை எவ்வாறு சென்றடைகிறது? மின்சாரமாகவே தாவுகிறது என்று பலரும் நம்பினர். இரசாயனப் பொருளொன்று தூது செல்லக்கூடும் என்ற எண்ணம் 1903 இல் லோவிக்குத் தோன்றியது. நிரூபிக்கும் வழி தெரியாமையால் அதை மறந்தும் போனார்.

1920 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவு என்பது அவரே பிற்காலத்தில் எழுதிய கணக்கு. உறக்கத்திலிருந்து விழித்தவர் சிறு தாளொன்றில் ஏதோ கிறுக்கிவிட்டு மீண்டும் உறங்கிப்போனார். காலையில் முக்கியமான எதையோ எழுதினோம் என்பது நினைவிருந்தது, எழுத்தோ விளங்கவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை அவர் தாளை நம்பவில்லை. எழுந்து நேரே ஆய்வுகூடத்துக்குச் சென்றார்.

இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்று நரம்புடன்; மற்றையது நரம்பு நீக்கப்பட்டது. முதல் இதயத்தின் வேகசு நரம்பைத் தூண்டினார், துடிப்புத் தணிந்தது. அதனுள் இருந்த உப்புக் கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தினுள் விட்டார். எந்த நரம்பும் தொடாத அந்த இதயமும் தணிந்தது. முடுக்கும் நரம்பைத் தூண்டிப் பெற்ற கரைசலோ அதனை விரைவாகத் துடிக்கச் செய்தது. தூதன் மின்சாரமல்ல, இரசாயனமே!

1921 இல் ஆய்வு வெளியானது. பலரால் அதனைத் திரும்பச் செய்து காட்ட இயலாமையால் ஐயம் நீடித்தது. 1926 இல் ஸ்ரொக்ஹோம் மாநாட்டில் லோவி பலர் முன்னிலையில் அதனைச் செய்து காட்டினார். அடக்கும் அந்தப் பொருள் அசற்றைல்கோலின் எனப் பின்னர் உறுதியாயிற்று. 1936 இல் ஆங்கிலேயரான ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்ரியாவினுள் புகுந்தன. மீண்டும் ஓர் அதிகாலை மூன்று மணி. ஆயுதம் தரித்த நாசி இளைஞர்கள் படுக்கையறைக்குள் நுழைந்து, அறுபத்து நான்கு வயதுப் பேராசிரியரைச் சிறைக்கு இழுத்துச் சென்றனர். நள்ளிரவில் கதவு தட்டப்படுவதன் பொருளை எம்மவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொல்லப்படுவோம் என்றே லோவி எண்ணினார். அப்போதும் அவரை வாட்டியது, தம் இறுதி ஆய்வு வெளிவராமற் போய்விடுமே என்ற கவலைதான். மன்றாடி அஞ்சலட்டையொன்றைப் பெற்று, காவலாளி பார்த்திருக்க, அந்த ஆய்வின் சுருக்கத்தை அறிவியல் இதழொன்றுக்கு எழுதினார். இரு மாதங்களின் பின் விடுதலை கிடைத்தது. ஆனால், சுவீடன் வங்கியில் இருந்த நோபல் பரிசுப் பணத்தை நாசிகளின் வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது. 1940 இல் நியூயோர்க்கை அடைந்தார். 1961 இல் அங்கேயே காலமானார்.

நரம்புத் தொடர்பற்ற மனித இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு முறை துடிக்கும். ஓய்வாக இருக்கையில் அது எழுபதளவில் நிற்பதற்கு, வேகசு நரம்பு ஓயாது கசியவிடும் அசற்றைல்கோலினே காரணம். கழுத்து நாடியிலுள்ள உணரிகள் குருதி அமுக்கம் உயர்வதை மூளைக்கு அறிவித்ததும் அந்தக் கடிவாளம் மேலும் இறுகுகிறது, குருதிக்கலன்கள் தளர்கின்றன. இதயத் துடிப்பைத் தணிக்க இன்று பலர் விழுங்கும் மாத்திரைகளும் இத்தகைய இரசாயனத் தூதர்களை வழிமறிப்பனவே.

இரவில் மார்பில் கை வைத்துப் பாருங்கள். அந்த அமைதியான துடிப்பின் காரணத்தை எமக்குச் சொன்னவருக்கு அமைதியான இரவுகள் வாய்க்கவில்லை.