பங்சார் மின்னிலையமும் இடையறாச் சேவையும்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்சை அடுத்துக் கிடக்கும் பங்சார் இன்று உயர்ந்த குடியிருப்புகளும் கடைத்தெருக்களும் நிறைந்த பகுதி. ஒரு காலத்தில் அஃது இரப்பர்த் தோட்டம். அதனோடு தொடர்புடைய பங்கே, கிரிசார் என்னும் இருவரின் பெயர்கள் ஒட்டியே பங்சார் என்றாயிற்று என்பர். பால்மரம் சீவிய தமிழரைப் பற்றி நம்மவர் எழுதியுள்ளனர். அதே பங்சாரில் 1920களில் எழுந்த மின்னிலையத்தைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. ஓடும் பொறியை நிறுத்திப் பழுது பார்க்கவேண்டும், ஆனால் நகரத்து விளக்கு அணையக்கூடாது என்னும் முரணான கடமையை நாள்தோறும் சந்தித்த இடம் அது.

மலாயாவில் மின்விசையின் கதையைத் தொடங்கி வைத்தோருள் ஒரு தமிழரும் உண்டு. 1894ஆம் ஆண்டளவில் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்விசையால் நீர் இறைக்கும் பொறியை நிறுவியவர்கள் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். பத்துமலைக் கோயிலோடு மட்டுமே பிள்ளையவர்களின் பெயரை இணைத்துப் பேசுவோர் இதனையும் நினைவிற் கொள்ளல் தகும். சுரங்கத்தில் இறைப்பொறி ஓய்ந்தால் ஊற்று நீர் ஏறிவிடும். எனவே ஓயாமை என்பது அங்கே வசதியன்று, தேவை.

நீராவி மின்னிலையத்தின் இயல்பைச் சற்று நோக்குவோம். கொதிகலனில் உப்புப் படிவும் கரியும் சேரும். சுழலியின் தாங்கிகள் தேயும். குறித்த காலத்தில் அவற்றை நிறுத்தித் துப்புரவு செய்யாவிடில் அவை தாமே நின்றுவிடும். ஆகவே ஒரே பெரும் பொறியை அமைக்காமல் பல பொறிகளை ஒரே மின்தண்டில் இணைப்பது வழக்கம். ஒன்றை ஓய்வுக்கு எடுக்குமுன் அதன் சுமையைச் சிறிது சிறிதாக மற்றவற்றிற்கு மாற்றுவர். சுமை ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றான பின்னரே இணைப்பைத் துண்டிப்பர். பழுது நீங்கிய பொறியைத் திரும்பச் சேர்ப்பது இன்னும் நுட்பமான வேலை. அதன் மின்னழுத்தமும், வினாடிக்கு 50 சுற்று என்னும் அலைவும், அலையின் கட்டமும் ஓடிக்கொண்டிருக்கும் பொறிகளோடு ஒத்திருத்தல் வேண்டும். அளவியின் முள் நேர் நிலைக்கு வரும் கணம் பார்த்தே இணைப்பியை மூடுவர். பொருந்தாமல் மூடினால் பொறியின் அச்சே முறியலாம். இத்தனைக்கும் மேலாக, எல்லாப் பொறிகளும் முழுச் சுமையில் ஓடினால் எதனையும் நிறுத்த இடமிராது. வேலையின்றி நிற்பதுபோல் தோன்றும் அந்த ஓர் உபரிப் பொறியே பழுது பார்ப்பவனுக்குக் கிடைக்கும் நேரம். கணக்கு எழுதுவோர் கண்ணுக்கு அது வீண் செலவாகவே படும்.

1949இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. 1953இல் கிள்ளானில் கன்னாட் பாலம் மின்னிலையம் திறக்கப்பட்டது. 1964இல் பங்சார் நிலையமும் கன்னாட் பாலம் நிலையமும் கம்பியால் இணைக்கப்பட்டன. தீபகற்பத்தின் தேசிய மின்பின்னலுக்கு அதுவே தொடக்கம் எனப்படுகிறது. இதனால் ஒரு பொறியை மட்டுமன்றி, வேண்டுமாயின் ஒரு நிலையத்தையே ஓய்வில் வைத்தாலும் மற்றொன்று தாங்கும் என்னும் நிலை வந்தது.

எனினும் இணைப்பு, நன்மையைப் போலவே தீமையையும் கடத்தும். 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் மாலை, திரெங்கானுவின் பாக்கா மின்னிலையத்துக்கு அருகில் ஒரு மின்தொடர் துண்டிக்கப்பட, அங்கிருந்து வந்த சுமை ஏனையவற்றின்மேல் விழுந்தது. அலைவு குறைய, தம்மைக் காத்துக்கொள்ள நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே விலகின. தீபகற்பம் முழுதும் பல மணி நேரம் இருளில் ஆழ்ந்தது. மாற்று உண்டு என்பது மட்டும் போதாது. அம்மாற்று திடீர்ச் சுமையைத் தாங்கவும் வேண்டும்.

தொலைபேசித் துறையும் இவ்வழியே வந்தது. 1965இல் அமெரிக்காவின் சக்கசன்னா என்னும் ஊரில் இயங்கத் தொடங்கிய மின்னணுத் தொலைபேசி நிலையத்திற்கு, 40 ஆண்டுகளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கலாகாது என்பது வகுத்த குறிக்கோள். அதற்காகவே அதன் முதன்மை உறுப்புகள் இரட்டையாக அமைக்கப்பட்டன.

இணையம் வந்தபோது இப்பாடம் புதிதாகக் கற்கப்பட்டது என்றே சொல்லவேண்டும். மலேசியாவில் 1990களின் தொடக்கத்தில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் வழியே இணையம் பரவிற்று. அக்காலத்து இணையத்தளம் பெரும்பாலும் ஒரே வழங்கியில் இருந்தது. அதனைத் திருத்தினால் தளம் மூடும். 1994 அளவில் ஒரே பெயருக்குப் பல வழங்கிகளின் முகவரிகளை மாறி மாறித் தரும் முறை வந்தது. ஆனால் ஒருமுறை பெற்ற முகவரியைப் பயனரின் கணினி நினைவில் வைத்துக்கொள்வதால், நிறுத்திய வழங்கியின் வாயிலிலும் மக்கள் வந்து நின்றனர். பின்னர், முகப்பு வழங்கிகளுக்கு முன்னே சுமைபகிர்வி ஒன்றை நிறுத்தினர். பழுது பார்க்க வேண்டிய வழங்கிக்கு அது புதிய வேண்டுகோள்களை அனுப்பாது. உள்ளே இருப்பவை முடியும்வரை காத்திருக்கும். திருத்தம் முடிந்த வழங்கி நலமாக விடையளிக்கிறதா என்று சோதித்தே மீண்டும் சேர்க்கும். பங்சார் பொறியாளர் ஒருவர் இதனைக் கண்டிருந்தால் தம் தொழிலையே கண்டிருப்பார்.

ஒரு வேறுபாடு உண்டு. மின்சாரத்திற்கு நினைவில்லை, எந்தப் பொறி தந்தாலும் விளக்கு எரியும். படிவத்தைப் பாதி நிரப்பிய ஒருவரின் விவரமோ ஒரு வழங்கியின் நினைவில் மட்டும் இருக்குமாயின், அவ்வழங்கியோடு அவர் உழைப்பும் போய்விடும். ஆகவே அந்நினைவை எல்லா முகப்புகளும் காணும் பொது இடத்தில் வைக்கவேண்டியதாயிற்று.

இஃது ஆசிரியர்களுக்கு அயலான செய்தியன்று. 2011இல் தொடங்கிய பள்ளிசார் மதிப்பீட்டுக்கான இணையப் பதிவில் நெரிசல் மிகுந்தபோது, ஆசிரியர்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் விழித்து மதிப்பெண்களைப் பதிந்தனர் என்பது நாடறிந்த குறை. நள்ளிரவில் எவரும் வாரார், அப்போது திருத்தலாம் என்பது மின்னிலையக் காலத்துக் கணக்கு. நெரிசலே மக்களை நள்ளிரவுக்குத் தள்ளிய பின், திருத்துவதற்கு ஓய்ந்த வேளை எது?

முகப்புகளைப் பெருக்குவது எளிது. அவற்றின் பின்னே உள்ள தரவுத்தளமோ எல்லார்க்கும் பொதுவான ஒரே பதிவேடு. அதன் பத்திகளை மாற்றும்போது பழைய முகப்பும் புதிய முகப்பும் சில மணி நேரம் ஒரே பதிவேட்டைப் படித்தாக வேண்டும். அதற்காக முதலில் புதிய பத்தியைச் சேர்ப்பர். எல்லா முகப்புகளும் மாறிய பின்னரே பழையதை நீக்குவர்.