சம்பள நாள் கடனும் மூன்றாம் மனிதரும்

மதீனாப் பள்ளிவாசலில் ஒருநாள் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கும் அவர்களிடம் கடன்பட்டிருந்த இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களுக்கும் வாக்குவாதம் மூண்டது. குரல்கள் உயர்ந்தன. தம் இல்லத்திலிருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்து, கடனில் பாதியைத் தள்ளிவிடுமாறு கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் உடனே இசைந்தார். எஞ்சியதை எழுந்து சென்று செலுத்துமாறு மற்றவரிடம் கூறினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியில் வட்டி இல்லை; ஆயினும் கடன் தீர்க்கும் பேச்சுக்கு எது தேவை என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் மட்டும் இருந்தவரை சத்தமே மிஞ்சியது. மூன்றாம் மனிதர் ஒருவர் வந்த பிறகே முடிவு பிறந்தது.

வட்டி ஹராம் என்பதில் நம்மிடையே இரு கருத்து இல்லை. ஆனால் அதில் ஏற்கெனவே விழுந்துவிட்டவர் எப்படி வெளியேறுவது என்பதை நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசுவது அரிது. ஆகவே, அடுத்த சம்பளத்தைக் காட்டி வாங்கும் குறுங்கடன் பெருகிய அமெரிக்காவில், கடனாளிகள் தவணை கேட்ட கதையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகாகோ, நியூயார்க் போன்ற நகரங்களில் 'சம்பளம் வாங்குவோர்' என்றொரு கூட்டத்தார் கடை விரித்தனர். இவர்கள் கடன் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தொழிலாளியின் வரப்போகும் கூலியில் ஒரு பகுதியைக் குறைந்த விலைக்கு 'வாங்குவதாகவே' பத்திரம் எழுதினர். வட்டி வரம்புச் சட்டத்துக்குத் தப்பவே இந்த வேடம். வட்டிக்கு வியாபாரம் என்று பெயர் சூட்டும் ஹீலாவை ஃபிக்ஹ் நூல்களில் கண்டவர்களுக்கு இது புதுமையன்று.

தவணை கேட்டுச் சென்றவருக்கு அங்கே கிடைத்தது என்ன? கூலியை எழுதிக் கொடுத்த பத்திரம் முதலாளியின் மேசைக்குப் போய்விடும் என்ற மிரட்டல். கடன் தொல்லை உள்ள ஆளை வேலையை விட்டே நீக்கும் முதலாளிகள் அக்காலத்தில் பலர். அதற்கும் அசையாதவரை அவர் பணியிடத்திலேயே சக ஊழியர்கள் முன்னிலையில் உரத்த குரலில் ஏசி மானத்தை வாங்குவதற்கென்றே சில கடைகள் பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தன. இன்று கைப்பேசிக் கடன் செயலிகளின் ஆட்கள் மாமனாருக்கும் மச்சானுக்கும் அழைத்துப் பேசுகிறார்களே, அது இதன் பேரப்பிள்ளை. ஆயுதம் என்றும் ஒன்றுதான்: வெட்கம்.

1907இல் தொடங்கப்பட்ட ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை இக்கடைகளை ஆராய்ந்து, 1916இல் ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தது. 300 டாலர் வரையிலான கடனுக்கு உரிமம் பெற்றவர் மாதம் மூன்றரை விழுக்காடு வாங்கலாம். அதுவும் மீதமிருக்கும் தொகைக்கு மட்டும். கணக்கிட்டால் ஆண்டுக்கு 42 விழுக்காடு! சீர்திருத்தமே இந்த அளவில்தான் இருந்தது என்றால், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் பல மாநிலங்கள் இதைப் பின்பற்றிச் சட்டம் இயற்றின. கட்டக் கட்டக் குறைகிற கடன் என்ற ஒன்று எளியவருக்கு வாய்த்தது.

1990களில் அந்தப் பழைய கடை புதுப் பலகையுடன் திரும்பி வந்தது. பின்தேதியிட்ட காசோலை ஒன்றை எழுதிக் கொடுத்தால் போதும். நூறு டாலருக்குப் பதினைந்து டாலர் கட்டணம், தவணை இரண்டு வாரம் என்பது பரவலான வழக்கம். 300 டாலர் வாங்கியவர் கெடு நாளில் 345 தர வேண்டும். முடியாதவர் 45 மட்டும் செலுத்தி இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போடலாம். இப்படி எட்டு முறை தள்ளினால் 360 டாலர் போயிருக்கும். அசல் 300 அப்படியே நிற்கும். அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய கடன்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவை இரு வாரங்களுக்குள் புதுப்பிக்கப்பட்டன, அல்லது அவற்றைத் தொடர்ந்து மறுகடன் வாங்கப்பட்டது. கடன் தீராமல் இருப்பதே கடைக்கு லாபம். இதை உணராமல் அந்த மேசைக்கு முன் போய் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்பதில் பயனில்லை.

கண்டனம் வலுத்தபோது அத்தொழிலாரின் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு விதியை வகுத்தது. கேட்கும் வாடிக்கையாளருக்கு ஆண்டில் ஒருமுறை, கூடுதல் கட்டணமின்றி, நான்கு சமத் தவணைகள் தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் கெடு நாளுக்கு முந்தைய வேலைநாள் முடிவதற்குள் கேட்டாக வேண்டும். கெடு தவறிய பிறகு தயங்கித் தயங்கிப் போகிறவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

பல மாநிலங்கள் இதைச் சட்டமாகவும் ஆக்கின. இவ்வகைக் கடனை அனுமதித்த 26 மாநிலங்களில் 16இல் கட்டணமில்லாத் தவணை கடனாளியின் உரிமை என்று 2022ஆம் ஆண்டின் அறிக்கை ஒன்று கூறுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 400 டாலர் வரையிலான கடனுக்குக் குறைந்தது 90 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 180 நாள் அவகாசம் உண்டு. அங்கே நூற்றில் 13 கடன்கள் அவ்வாறு மாற்றப்பட்டன. ஃபுளோரிடாவிலோ ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. உரிமை ஏட்டில் இருப்பதும் கவுண்டரில் இருப்பவர் அதை வாய்திறந்து சொல்வதும் ஒன்றல்ல. அதே ஆண்டு ஜூலையில், இலவசத் தவணைத் திட்டத்தை மறைத்து மறுகடனுக்குத் தள்ளியதாகக் குற்றஞ்சாட்டி ஒரு பெரிய கடன் நிறுவனத்தின் மீது அந்தப் பாதுகாப்பு அமைப்பே வழக்குத் தொடுத்தது.

நம் உறவினர் பலர் வாழும் பிரிட்டனிலும் இக்கடை பரவியது. வொங்கா என்ற நிறுவனம், இல்லாத வழக்கறிஞர் நிறுவனங்களின் பெயரில் கடனாளிகளுக்கு மிரட்டல் கடிதங்கள் அனுப்பியது 2014இல் அம்பலமானது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 45,000 பேர். 2015 ஜனவரி முதல், வட்டியும் கட்டணமும் சேர்ந்து வாங்கிய தொகையை மிஞ்சக்கூடாது என்று அங்கே வரம்பு விதிக்கப்பட்டது. 2018இல் வொங்கா வீழ்ந்தது.

வசதியற்ற கடனாளிக்கு இலகுவாகும்வரை அவகாசம் தரவேண்டும் என்பது அல்பகராவின் 280ஆம் வசனம் காட்டும் வழி. 2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'மூச்சு விடும் அவகாசம்' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. 60 நாட்களுக்குப் பெரும்பாலான கடன்களின் வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். கடனாளி தானே கடன் கொடுத்தவரிடம் போய் இதைப் பெற முடியாது. அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசகர் ஒருவர் அவருக்காக விண்ணப்பிக்க வேண்டும்.